கொக்கு, மூங்கில், படமில்லாதது

இராஜசிங்கத்துக்குப் பீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. குடிக்கத்தான் தெரியும்.

சண்டைக்கு முன்னால் அவர் சுங்க இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். சனிக்கிழமை சாயங்காலமானால் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர்கள் கூடும் சங்கத்துக்குப் போவார். இரண்டு கிளாஸ் உள்ளே போனதும், "கண்ணைக் கட்டிப்போட்டுத் தாருங்கோ, எந்தக் கம்பெனிப் பீர் எண்டு நாக்காலை சொல்லுறன்" என்பார். ஒருவரும் கட்டிப் பார்த்ததில்லை. சொன்னதை நம்புகிற நல்ல மனிதர்கள். தவிர, அவர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சிங்கப்பூரின் பெயர் சியோனான் ஆயிற்று. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு ஓடின; ஊர் மட்டும் பழைய இடத்திலேயே இருந்ததால், விடியும் முன்பே ஆபீசுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. ஒரு நாள் பழைய கிராணிகளையெல்லாம் ஒரு மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் உள்ள விசேஷத் திறமை என்ன என்று கேட்டார்கள். திறமை உள்ளவர்களுக்கு வேலை உண்டு. இல்லாதவர்கள் வேறு இடத்துக்கு அனுப்பப்படுவார்கள். அந்த வேறு இடம் எது என்று யாரும் கேட்கவில்லை.

முன்னால் நின்றவர்கள் சுருக்கெழுத்து என்றார்கள், டைப் என்றார்கள். இராஜசிங்கத்தின் முறை வந்தபோது அவருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர் அப்துல் கையூம். நாகூர்ப் பக்கத்து ஆள். மிடில் ரோட்டில் ஒரு ஜப்பானியத் துணிக்கடையில் பல வருஷம் வேலை பார்த்தவர். இராஜசிங்கத்தை நன்றாகத் தெரியும். சிநேகிதன் விழிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், கையூம் தாமாகவே ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார்.

"என்னத்தைச் சொன்னியள்?" என்றார் இராஜசிங்கம், வெளியே வந்ததும்.

"எந்தப் பீரா இருந்தாலும் நாக்குல வச்சதும் சொல்லிப்புடுவார்னு சொன்னேன். நீங்க சொல்லுவீங்கள்ல?"

"அது சும்மா கதையெல்லோ!"

"எனக்கு என்னங்க தெரியும்? நான் அந்தச் சனியனத் தொட்டதே இல்லையே."

இப்படியாக இராஜசிங்கம் சியோனான் பானவகைத் தரநிர்ணயக் கழகத்தின் நாக்கு ஆனார். பதவியின் பெயரே அதுதான். கழகத்தில் தலைவர் இருந்தார், துணைத்தலைவர் இருந்தார், நாக்கும் இருந்தது.

தலைவர் ஷிமோதா தம்முடைய நாட்டில் சோயாக் குழம்பு ஆலைகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். கோபப்படாத மனிதர். கழகத்தைத் திறந்து வைத்து அவர் பேசியதைக் கையூம் மேடைத் தமிழில் சொன்னார்:

"ஆங்கிலேயர் ஆண்ட காலமெல்லாம் இந்த ஊர் மக்கள் எதைக் குடிக்கிறோம் என்று அறியாமலே குடித்தார்கள். இனி அந்த அவலம் இல்லை. நீங்கள் குடிப்பது எது என்பதை முதலில் நாங்கள் அறிவிப்போம். அறிவித்த பிறகு நீங்கள் அதைச் சுவைப்பீர்கள். இதற்குப் பெயர்தான் நாகரிகம்."

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டாமல் இருக்க அங்கே யாருக்கும் விசேஷத் திறமை இல்லை.

கழகத்தின் கீழ் ஒரு பீர் ஆலை இருந்தது. அங்கிருந்து மூன்று தரத்தில் பீர் வந்தது. கொக்குப் படம் போட்டது அதிகாரிகளுக்கு. மூங்கில் படம் சிப்பாய்களுக்கு. மூன்றாவதற்குப் படமே கிடையாது. வெறும் எண் மட்டும். அது ஊர்க்காரர்களுக்கு. இந்த மூன்றின் சுவையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பதே கழகத்தின் கடமை.

அந்த ஆலையில் லேபிள் ஒட்டுகிற வேலை சுந்தரத்துக்கு. தேக்கா சந்தைக்கு எதிரே பஃபலோ ரோட்டில், இராஜசிங்கம் குடியிருந்த அதே மாடியில், பின்னறையில் சுந்தரமும் அவன் மனைவி கண்மணியும் கைக்குழந்தையோடு இருந்தார்கள். நாக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டதும் சுந்தரம் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது.

"கிராணி ஐயா, தொட்டி ஒண்ணுதான் லா! பார்லி தீந்து எத்தனையோ நாளாச்சு. அரிசி நொய்யும் மரவள்ளியும் போட்டு ஒரே தொட்டியில காய்ச்சுறாங்க. ஒரே குழாயில புடிக்கிறாங்க. எங்கிட்ட வர்றப்போ எல்லாம் மொட்டைப் போத்தல்தான். கையில எந்த லேபிள் வருதோ அத ஒட்டுவேன்."

"ஷிமோதாவுக்குத் தெரியுமோ?"

"அவருதானே தொட்டிய ஒண்ணாக்கச் சொன்னது."

"பிறகென்னத்துக்கு மூண்டு தரம்?"

"மூணு தரம் காய்ச்சுறோம்னு மேல சொல்லிட்டாராம். சொன்னப்புறம் மாத்த முடியுமா?"

முதல் பரீட்சை நடந்தது. சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கு நோக்கி வணக்கம். வெந்நீரில் வாய் கொப்பளிப்பு. பிறகு நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். துணைத்தலைவர் குனிந்து பார்த்து, சுத்தம் என்று தலையசைப்பார். மேஜைமேல் மூன்று கோப்பைகள். இராஜசிங்கம் முதலாவதைக் குடித்தார். மரவள்ளிக் கிழங்கு ஊறிய தண்ணீரின் ருசி. இரண்டாவதைக் குடித்தார். அதே தண்ணீர். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது ஷிமோதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்வதைக் கண்டார்.

"இது கொக்கு," என்றார்.

ஷிமோதாவின் முகம் மலர்ந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"பரவாயில்லை," என்றார் இராஜசிங்கம்.

கையூம் அதை மொழிபெயர்த்தார். நெடுநேரம் மொழிபெயர்த்தார். பனி, மலை, ஓடை என்றெல்லாம் கையால் காட்டினார். துணைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மறுபடி இராஜசிங்கம் வாயைத் திறக்க வேண்டியே வரவில்லை.

அதிலிருந்து அவருடைய நாக்கு அரசாங்கச் சொத்து. மிளகாய் கூடாது. வெற்றிலை கூடாது. சுருட்டு கூடாது. புளி, பூண்டு, கருவாடு எதுவும் கூடாது. அதற்கு ஈடாக வீட்டுக்கு அரிசி வந்தது. ஊரெல்லாம் மரவள்ளியைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த காலத்தில் அரிசி! அவர் மனைவி இராசமலர் அந்த அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்த வேலை எப்பவும் இருக்குமோ?"

"நாக்கு இருக்குமட்டும் இருக்கும்."

"அப்ப நாக்கைக் கவனமாய்ப் பாருங்கோ," என்றாள். பின்னறைக்கும் ஒரு பங்கை அளந்து கொண்டுபோய்க் கண்மணியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாக்கைக் கவனிக்க அரசாங்கமும் ஏற்பாடு செய்திருந்தது. வாரம் ஒரு முறை ஒரு சிப்பாய் வந்து அடுப்படியை மோந்து பார்ப்பான். முதல் தடவை வந்தபோதே கருவாட்டுச் சம்பலைக் கண்டுபிடித்துவிட்டான். தடைசெய்யப்பட்ட பொருள்தானா என்று நிச்சயித்துக்கொள்ள ஒரு விரல் நக்கினான். முகம் சிவந்தது, மூக்கு ஒழுகியது. நிச்சயம் போதவில்லை போலும், இன்னொரு விரல் நக்கினான். கடைசியில் சட்டியையே சாட்சியமாகக் கையோடு எடுத்துப் போனான். அடுத்த வாரமும் சாட்சியம் கேட்டு வந்தான். இராசமலர் சாட்சியத்துக்கென்று தனியாக இடித்து வைக்கத் தொடங்கினாள்.

இப்படியே போயிருக்கலாம். கேப்டன் ஒனுமாவின் பிறந்தநாள் வந்தது.

விருந்தில் கேப்டன் கொக்குப் போத்தல் ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இது படமில்லாத பீர்" என்றார். பக்கத்தில் இருந்த லெப்டினன்டுக்கும் உடனே அப்படித்தான் இருந்தது. மேஜையைச் சுற்றிப் போத்தல் வருவதற்குள், இன்னும் குடிக்காதவர்களுக்கும் அந்த மட்டமான ருசி தெரிந்துவிட்டது. ஊர்க்காரன் குடிக்கும் பீரை ஓர் அதிகாரியின் வாயில் ஊற்றியவன் எவன்? மீதிப் பீரோடு போத்தலை அடைத்து, மேஜைமேல் வைத்து, காவல் போட்டார்கள்.

அந்தப் போத்தலில் லேபிள் ஒட்டிய வரிசை சுந்தரத்தினுடையது. அவனைக் கூப்பிட்டுக் கன்னத்தில் அறைந்தார்கள். யார் தூண்டினார்கள் என்று கேட்டார்கள். தொட்டி ஒன்றுதான் என்று அவன் சொல்லப்போனபோது, ஷிமோதா தாமே எழுந்து வந்து அவனை நிறுத்தி, தொட்டியைப் பற்றி அவதூறு பேசினால் தண்டனை வேறு என்று அன்பாக எடுத்துச் சொன்னார். கர்னல் ஒருவர் வரப்போகிறார். அவர் முன்னிலையில் கழகத்தின் நாக்கு அந்தப் போத்தலைச் சுவைத்து எந்தத் தரம் என்று தீர்ப்புச் சொல்லும். அதுவரை சுந்தரம் வேலைக்கு வந்துகொண்டிருக்கலாம்.

வீங்கிய கன்னத்தோடு வந்த சுந்தரத்தைப் பார்த்துக் கண்மணி அழவில்லை. நேரே முன்னறைக்கு வந்தாள்.

"கிராணி ஐயா, கொக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்க கையிலதான் இருக்கு."

"சொல்லுறன் பிள்ளை. கட்டாயம் சொல்லுறன்."

கையூமிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கொக்குன்னு சொன்னா கேப்டனோட நாக்கு பொய்யின்னு ஆகும். அதுக்கப்புறம் உங்க நாக்கு உங்க வாயில இருக்குமா? படமில்லாததுன்னு சொன்னா சுந்தரத்தோட கழுத்துக்கு வரும்."

"மூங்கில் எண்டு சொன்னால்?"

கையூம் யோசித்தார். "கேப்டனும் தப்பு, லேபிளும் தப்பு. ரெண்டு பேரும் போவீங்க."

"அப்ப நான் என்னதான் சொல்லுறது, கையூம்?"

"அல்லா விட்ட வழி," என்றார் கையூம். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. முதன்முதலில் வாயைத் திறந்தவர் தாம்தானே என்ற எண்ணமாக இருக்கலாம்.

கர்னல் வந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. கொடிகள், பூக்கள். முன்வரிசையில் கர்னல். பக்கத்தில் கேப்டன் ஒனுமா, நாக்கு நிரூபிக்கப்படப்போகிற பெருமையோடு. பின்னால் ஆலைத் தொழிலாளர்கள், நடுவில் சுந்தரம். ஷிமோதா பேசினார்:

"தாழ்ந்த பீர் உயர்ந்த பீருக்குள் புகுந்தால் உலகத்தின் ஒழுங்கு கெடும். குடிப்பவனுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் எங்களுக்குத் தெரியும். குடிப்பவனுக்குத் தெரியாததை அறிந்து வைத்திருப்பதற்காகவே அரசாங்கம் இருக்கிறது."

காவலில் இருந்த போத்தலைத் திறந்தார்கள். நுரை வரவில்லை. இராஜசிங்கம் கோப்பையை வாயில் வைத்தார். புளித்த கஞ்சி. அதன் பக்கத்தில் இருந்த கொக்கைக் குடித்தார், மூங்கிலைக் குடித்தார், படமில்லாததையும் குடித்தார். நாக்கு எதையாவது சொல்லாதா என்று உண்மையாகவே காத்திருந்தார். சங்கத்தில் இருந்த காலத்தில்கூட அவர் அவ்வளவு கவனமாகக் குடித்ததில்லை. ஒன்றும் தெரியவில்லை. கர்னலைப் பார்த்தார், அவர் முகம் சுவர் மாதிரி இருந்தது. ஷிமோதாவின் கை காலருக்குப் போகவில்லை. பின்னால் சுந்தரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்தப் பக்கம் போனாலும் பள்ளம் என்று தெரிந்தபோது இராஜசிங்கத்துக்கு ஒருவித அலுப்புத்தான் வந்தது. அந்த அலுப்பில் உண்மை வாயிலிருந்து தானாக விழுந்தது.

"ஐயா, எல்லாம் ஒண்டுதான். ஒரு வித்தியாசமும் இல்லை."

தமிழ் தெரிந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கையூம் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு திறந்து, கர்னலைப் பார்த்துக் குனிந்து வணங்கி, மொழிபெயர்க்க ஆரம்பித்தார். கையை அகல விரித்தார். தெற்கே காட்டினார், வடக்கே காட்டினார், கிழக்கே காட்டும்போது மறுபடி குனிந்தார். பல கைகள் ஒன்று சேர்வதுபோல் விரல்களைக் கோத்துக் காட்டினார். குரல் தழுதழுத்தது.

கர்னல் எழுந்து நின்றார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள்.

"இந்த மனிதனின் நாக்கு மகா ஆசியாவின் உள்ளத்தைப் பேசிவிட்டது," என்றார் கர்னல். "வித்தியாசம் பார்த்தது வெள்ளையன். நாம் எல்லோரும் ஒரே தொட்டி."

அந்தக் கடைசி வார்த்தை எப்படி அவர் வாயில் வந்தது என்று ஷிமோதாவுக்கு ஒரு விநாடி வியர்த்தது. ஆனால் கர்னல் உவமையாகத்தான் சொல்லியிருந்தார். கேப்டன் ஒனுமாவை அருகில் அழைத்து, மூன்று தரமும் ஒன்று என்பதை எல்லோருக்கும் முன்பே உணர்ந்த நுட்பமான நாக்கு அவருடையது என்று தட்டிக்கொடுத்தார். யாரும் குற்றவாளி இல்லை. சுந்தரம் வீட்டுக்குப் போகலாம்.

அன்று மாலை மாடியில் அரிசிச் சோறும் சம்பலும். அரசாங்க நாக்கு அதைத் தின்றது. கையூமும் வந்திருந்தார். "என்னத்தைத்தான் சொன்னியள்?" என்று இராஜசிங்கம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். "நீங்க சொன்னதத்தான் சொன்னேன், கொஞ்சம் விரிச்சு," என்றார் கையூம். சுந்தரம் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "உண்மைக்கு இம்புட்டு மதிப்பு இருக்கும்னு தெரிஞ்சிருந்தா அறை வாங்காம அன்னிக்கே கத்தியிருப்பேன் லா," என்றான்.

சில நாளில் கர்னலின் உத்தரவு வந்தது. பீர் ஒன்றே. ஆகவே தரம் தேவையில்லை. தரம் இல்லாததால் மட்டமான பீர் என்று ஒன்று இல்லை. மட்டமான பீர் இல்லாததால் ஊர்க்காரர்கள் இனிப் பீர் குடிக்க வேண்டியதில்லை. முழுவதும் ராணுவத்துக்கே. எல்லாம் ஒன்று என்பதால் லேபிளும் வேண்டாம். லேபிள் இல்லாததால் அதை ஒட்டுகிறவர்கள் அந்த வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் சயாமில் ரயில் பாதை போடப் போவார்கள்.

சயாமுக்குப் போனவர்களைப் பற்றித் தேக்காவில் அப்போதே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். காய்ச்சல் என்றார்கள், காலரா என்றார்கள். திரும்பி வந்தவன் என்று ஒருவனையும் யாரும் காட்டவில்லை.

ஃபேரர் பார்க் திடலில் லாரிகள் நின்றன. இராஜசிங்கம் கையூமைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஓரமாக ஒரு மேஜை போட்டு ஷிமோதா உட்கார்ந்திருந்தார். விடைபெறும் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு வாய் பீர் கொடுத்து அனுப்பும் மரியாதையைக் கழகம் ஏற்றுக்கொண்டிருந்தது. லேபிள் இல்லாத போத்தல்கள். சுந்தரம் தன் பங்கைக் குடித்துவிட்டு லாரியில் ஏறியிருந்தான். கண்மணி குழந்தையோடு லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவனை விடச் சொல்லுங்கோ. கைக்குழந்தை இருக்கு. அவன் மண் வெட்டினவனில்லை, பசை தடவினவன். வேறை ஆளைப் பார்க்கச் சொல்லுங்கோ."

கையூம் சொன்னார். ஷிமோதா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மாணவனுக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

"வேறு ஆள் என்றால் யார்? அவனுக்கும் குழந்தை இருக்கும். இவன் போனால் என்ன, அவன் போனால் என்ன? எல்லாம் ஒன்றுதான், ஒரு வித்தியாசமும் இல்லை என்று அன்றைக்கு நீதானே கற்றுக்கொடுத்தாய்? கர்னல் அதை மறக்கவே இல்லை."

"நான் பொய் சொன்னனான்!" என்று கத்தினார் இராஜசிங்கம். "வித்தியாசம் இருக்கு. எனக்குத் தெரியும். பயத்திலை பொய் சொல்லிப்போட்டன்."

இதைக் கையூம் ஒரு சொல் கூட்டாமல் சொன்னார். ஷிமோதாவுக்கு ஆர்வம் பிறந்தது. தம் கையாலேயே ஒரு போத்தலைத் திறந்து, இராஜசிங்கத்தின் கண்ணெதிரே, அந்த ஒரு போத்தலிலிருந்தே மூன்று கோப்பைகளை நிரப்பினார். "காட்டு," என்றார்.

இராஜசிங்கம் முதல் கோப்பையை எடுத்தார். "இது கொக்கு. புது நெல்லு வாசம் வருது. வயலுக்குத் தண்ணி கட்டின அண்டைக்கு வாற வாசம்." இரண்டாவதை எடுத்தார். "இது மூங்கில். கொஞ்சம் கசப்பு. மழையிலை நனைஞ்ச பச்சை மரத்தின்ரை கசப்பு." வாழ்நாளில் அவர் இவ்வளவு அழகாகப் பொய் சொன்னதில்லை. லாரி உறுமிக் கிளம்பத் தயாரானது. கண்மணி, "ஐயா! ஐயா!" என்று யாரையோ கூப்பிட்டாள். மூன்றாவது கோப்பையை வாயருகே கொண்டுபோனார். கன்னத்தில் ஓடி வந்தது முகவாயில் நின்று கோப்பைக்குள் சொட்டியது. குடித்தார்.

"இது... இது உப்பாயிருக்கு," என்றார்.

கையூம் அவர் முகத்தைப் பார்த்தார். இந்த ஒரு தடவை அவர் மொழிபெயர்க்கவில்லை.

என்ன சொன்னான் என்று ஷிமோதா கேட்டார். பதில் வராததால் அந்தக் கோப்பையைத் தாமே எடுத்துக் குடித்துப் பார்த்தார். வாயில் நெடுநேரம் வைத்திருந்தார். அவர் முகம் மெல்ல மாறியது. இத்தனை காலமும் மேலிடத்துக்குத் தாம் சொல்லிவந்த ஒன்று முதன்முறையாக உண்மையாகிவிட்டதைக் கண்டவரின் சந்தோஷம் அதில் தெரிந்தது.

"வேறுதான்," என்றார். "சந்தேகமே இல்லை. இது வேறு."

"அப்ப லாரி? லாரியை நிற்பாட்டச் சொல்லுங்கோ!"

லாரி அதற்குள் சிராங்கூன் ரோட்டில் திரும்பிவிட்டிருந்தது. ஷிமோதா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கோப்பையின் அடியில் மிச்சமிருந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

கையூம் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்:

"இத எப்படிக் காய்ச்சுறதுன்னு கேக்குறாரு."